பார் வைத்த சைக்கிள்

அத்தியாயம் ஒன்பது

மணி தானாக அடித்தது என்று சொல்லிவிட்டுப் போன வாரம் கடைக் கதவை இழுத்து மூடிவிட்டோம். மணியாவது, தானாக அடிப்பதாவது என்று நீங்கள் உதட்டைப் பிதுக்கியிருக்கலாம். அந்த வீட்டில் ஒரே ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்திருந்தால் பிதுக்கியிருக்க மாட்டீர்கள்.

சைக்கிள் கடைக்காரர் வீடு அது. முன்னால் கடை, பின்னால் அப்பாவின் வெல்டிங் பட்டறை, இரண்டுக்கும் நடுவில் திறந்த முற்றம், மாடியில் குடித்தனம். அந்த வீட்டுப் பெரியவள் ஒரு நாள் விடியற்காலையில் தன் சைக்கிளோடு கிளம்பினாள். போனவள் போனவள்தான். ஏரிக்கரையில் ஒற்றைச் செருப்பு ஒன்று கிடைத்தது. அது அவளுடையதுதான் என்று அப்பா சொன்னார், ஊரும் சொன்னது. அம்மா மட்டும் சொல்லவில்லை. ஏரியில் ஆளை இறக்கித் தேடினார்கள். அவளும் இல்லை, சைக்கிளும் இல்லை. சேறு விழுங்கிவிட்டது என்று சொல்லி எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டார்கள்.

அன்றைக்கு வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்த சின்னவள்தான் இன்று கடையைப் பார்த்துக்கொள்கிறாள். அக்கா போன வயதை அவள் எப்போதோ தாண்டிவிட்டாள். தன்னைவிடச் சின்னப் பெண்ணை எப்படி அக்கா என்று கூப்பிடுவது?

பெரியவளின் சைக்கிள் மணிக்கு ஒரு கோளாறு. ஒரு தடவை ணிங் என்னும், அடுத்த தடவை வெறும் டக் என்னும். அதை ரிப்பேர் செய்ய விடமாட்டாள். "நான்தான் வர்றேன்னு தெரிஞ்சாத்தானே கேட்டைத் திறப்பீங்க" என்பாள். அவள் போன பிறகும் அம்மா தினமும் பொழுது சாயும்போது கேட்டின் கொண்டியை எடுத்துவிட்டு வருவாள். கொஞ்ச நேரம் கழித்து அப்பா போய்க் கொண்டியைப் போட்டுவிட்டு வருவார். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

நேற்றுச் சாயங்காலம் சின்னவளின் அண்ணன் ஒரு லாரி நிறையப் பழைய சைக்கிள்களைக் கொண்டுவந்து முற்றத்தில் குவித்தான். ரயில் நிலைய ஸ்டாண்டில் விட்டுவிட்டு யாரும் திரும்ப வந்து எடுக்காத சைக்கிள்கள். ஏலத்தில் எடுத்தவை. இருட்டுகிற நேரத்தில் அந்தக் குவியலுக்குள்ளிருந்து ஒரு ணிங். பிறகு ஒரு டக். அம்மா கையிலிருந்த தண்ணீர்ப் பாத்திரத்தை அப்படியே கீழே விட்டாள். குவியல் சரிந்திருக்கும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றான் அண்ணன். அந்த வீட்டில் யாரும் தூங்கவில்லை.

காலையும் வந்தது. கூடவே, நேரம் காலம் தெரியாமல், ஒரு வாடிக்கையாளரும் வந்தார்.

மழமழவென்று சவரம் செய்த முகம், இஸ்திரி கலையாத சட்டை, ஒரு காலை லேசாக இழுத்து இழுத்து நடை. ஏதோ அலுவலகத்தில் குமாஸ்தா.

"ஒரு சைக்கிள் வேணும்மா. முட்டி சரியா மடங்க மாட்டேங்குது. டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொல்லிட்டார்."

சின்னவளின் காது முழுக்க முற்றத்துப் பக்கம் இருந்தது. ஆனாலும் வியாபாரம் வியாபாரம்தானே. பார் என்கிற குறுக்குக் கம்பி இல்லாத சைக்கிள் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

"இது லேடீஸ் சைக்கிளாச்சே" என்றார் அவர், யாராவது பார்க்கிறார்களா என்று தெருவைத் திரும்பிப் பார்த்தபடி.

"சைக்கிளுக்கு ஆம்பளை பொம்பளை தெரியாது சார். பாவாடை கட்டினவங்க காலைத் தூக்கிப் பின்னால சுத்திப் போட முடியாதுன்னு கம்பியைக் கீழே சாய்ச்சு வச்சாங்க. துணி சக்கரத்துல மாட்டக் கூடாதுன்னு பின்னாடி இந்த வலை. சீட் கொஞ்சம் அகலம். வேற ஒண்ணுமில்ல. காலைத் தூக்காம அப்படியே உள்ள நுழைஞ்சு உட்காரலாம். உங்க முட்டிக்கு இதுதான் லாயக்கு."

"அது சரிம்மா. ஆபீஸ்ல இருக்கிறவங்களைப் பத்தி உனக்குத் தெரியாது. நான் சைக்கிளை ஓட்டறதுக்குள்ள அவங்க என்னை ஓட்டிடுவாங்க."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "இதுலயே ஒரு பார் வச்சுத் தர முடியுமா? சும்மா, பார்வைக்கு" என்றார்.

"பார் வச்சா காலைத் தூக்கணுமே சார். அது முடியாமத்தானே இதை எடுக்கறீங்க?"

அவர் அதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"பார் வைக்கிற வேலையெல்லாம் இங்க கிடையாது."

அப்பா. பட்டறையிலிருந்து எப்போது வந்தார் என்று தெரியவில்லை. வெல்டிங் கண்ணாடி நெற்றியில் இருந்தது. முகம் வெளுத்திருந்தது.

"வேணும்னா வேற கடையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். குமாஸ்தா சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டு, முட்டி அனுமதித்த வேகத்தில் நழுவினார்.

"ஒரு பேச்சுக்குக் கேட்டதுக்கு இப்படியாப்பா மூஞ்சியில அடிக்கிற மாதிரி பேசறது?" என்று சின்னவள் பின்னாலேயே போய்க் கேட்டாள்.

"ஃபிரேம்ல கை வைக்க மாட்டேன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றார் அவர்.

அது வாஸ்தவம்தான். ஊரில் பாதி வீட்டு ஜன்னல் கம்பியும் கேட்டும் அவர் கைவேலை. சைக்கிள் ஃபிரேமை மட்டும் தொடமாட்டார். அக்கா போனதிலிருந்தே அப்படித்தான். மகளை நினைத்து மனசு விட்டுப்போச்சு, பாவம் என்றுதான் சின்னவள் இத்தனை வருஷமும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

மத்தியான வெயில் ஏறிய பிறகு அண்ணனும் அவளும் குவியலைப் பிரிக்க உட்கார்ந்தார்கள். ஒன்றின் பெடல் இன்னொன்றின் கம்பிக்குள், அதன் ஹேண்டில்பார் மற்றொன்றின் கேரியருக்குள். ஒவ்வொன்றாக உருவி எடுத்துச் சுவரோரம் சாத்தினார்கள். சின்னவள் ஒவ்வொரு மணியையும் கட்டை விரலால் தட்டிப் பார்த்தாள். பல மணிகளுக்கு மூடியே இல்லை. சில துருப்பிடித்துச் செத்திருந்தன.

அடியில் கிடந்த ஒரு கறுப்புச் சைக்கிளின் மணியைத் தட்டினாள். ணிங்.

மறுபடி தட்டினாள். டக்.

மாடியில் காய் நறுக்கும் சத்தம் நின்றது.

அண்ணன் அதை ஒரே இழுப்பில் வெளியே எடுத்தான். நிமிர்த்தி நிறுத்தினான். ஹேண்டிலுக்கும் சீட்டுக்கும் நடுவே, இடுப்பு உயரத்தில், நேராக ஒரு பார்.

"ஜென்ட்ஸ் சைக்கிள்" என்றான் அண்ணன். அவன் குரலில் நிம்மதியா ஏமாற்றமா என்று சொல்ல முடியவில்லை. "மணியை மட்டும் எவனாவது கழட்டி வித்திருப்பான். இல்லைன்னா இதே மாதிரி வேற ஒரு ஓட்டை மணி. விடு."

அவள் விடவில்லை. பின் சக்கரத்தைத் தூக்கிப் பெடலை ஒரு சுற்றுச் சுற்றினாள். சக்கரம் டிக் டிக் டிக் என்று ஓடியது. வெயிலில் உட்கார்ந்திருந்தவளுக்கு முதுகு சில்லென்றது. யாரோ பின்னால் வந்து நின்றுகொண்டு, ம், அப்புறம், பாரேன் என்று சொல்வது போல இருந்தது.

பார்த்தாள். பின் மட்கார்டின் விளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள். பெயின்ட் அடைத்திருந்ததால் கண்ணுக்குச் சட்டென்று தெரியவில்லை, விரலுக்குத்தான் தெரிந்தது.

"அண்ணா, இது வலை கோக்கிற ஓட்டை. ஜென்ட்ஸ் சைக்கிளுக்கு எதுக்கு வலை?"

அண்ணன் குனிந்தான். அவள் விரல் சீட்டுக்குக் கீழே உள்ள குழாயில் இறங்கியது. பாதி உயரத்தில் ஒரு புடைப்பு. சாய்வுக் கம்பி முன்பு வந்து சேர்ந்திருந்த இடம். அறுத்து, அரத்தால் தேய்த்து, மேலே கறுப்பு பூசி மறைத்திருந்தார்கள். முன்பக்கமும் அதே மாதிரி. பிறகு மேலே, பார் வந்து ஒட்டும் இடத்தைத் தடவினாள்.

வெல்டிங் முடிகிற இடத்தில் ஒரு சின்னச் சுழி இருந்தது.

அப்பா எதைப் பற்றவைத்தாலும் கடைசியில் கம்பியை வெடுக்கென்று எடுக்க மாட்டார். லேசாகத் திருப்பி ஒரு சுழி போட்டுத்தான் எடுப்பார். அந்த வீட்டுக் கேட்டில் உண்டு அந்தச் சுழி, மாடிப்படிக் கைப்பிடியில் உண்டு, சின்னவள் படுத்துத் தூங்கிய இரும்புக் கட்டிலிலும் உண்டு. குழந்தையாக இருந்தபோது இருட்டில் அதைத் தடவிக்கொண்டேதான் தூங்குவாள்.

அண்ணனும் தடவிப் பார்த்தான். இருவரும் ஒரே நேரத்தில் பட்டறைப் பக்கம் திரும்பினார்கள்.

அப்பா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"நான்தான் வச்சேன்" என்றார், கேட்பதற்கு முன்னாலேயே.

"எப்போ?" என்றாள் சின்னவள்.

"அவ போனதுக்கு முந்தின சாயங்காலம். நான் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம்னுட்டா. அச்சாபீஸ் வேலையை விட மாட்டேன்னு நேருக்கு நேர் நின்னு சொன்னா. சைக்கிள் இருந்தாத்தானே போவான்னு எனக்கு ஒரு வீம்பு. பாவாடையைக் கட்டிக்கிட்டு எப்படித் தாண்டி ஏறறான்னு பார்த்துடலாம்னு கீழ்க்கம்பியை அறுத்துட்டுப் பார் வச்சேன். காலையில எழுந்ததும் இவன்கிட்ட கொடுத்து, இனிமே உன் சைக்கிள்டான்னு சொல்றதா இருந்தேன். காலையில சைக்கிளும் இல்ல, அவளும் இல்ல."

"போலீஸ்ல லேடீஸ் சைக்கிள்னு சொன்னீங்களே" என்றாள் சின்னவள்.

"உங்கம்மா சொன்னா. நான் பக்கத்துல நின்னேன்."

"நின்னீங்க" என்றான் அண்ணன். அவன் குரல் உடைந்தது. "என்னை ரயில்வே ஸ்டாண்டுக்கு அனுப்பினீங்க. நான் ஒவ்வொரு வரிசையா நடந்து பார்த்தேன்பா. பார் இல்லாத சைக்கிள் இருக்கான்னு மட்டும்தான் பார்த்தேன். லேடீஸ் சைக்கிள் எதுவும் வரலைன்னு அந்த ஆள் சொன்னான், நம்பி வந்துட்டேன். இது பக்கத்துலயே நின்னிருந்தாக்கூட எனக்குத் தெரிஞ்சிருக்காது. ஜென்ட்ஸ்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அப்பா தரையைப் பார்த்தார்.

"எந்த வாயால சொல்றது? வீம்புக்கு அதுலயே ஏறியிருப்பா. ஏரிக்கரை மேட்டுல தடுமாறியிருப்பா. பழையபடி இருந்தா சட்டுனு காலை ஊனித் தப்பிச்சிருப்பா. பாவாடை பார்ல மாட்டிக் காலை எடுக்க முடியாம சைக்கிளோட உள்ள போயிட்டா. நான்தானே அவளைத் தள்ளிவிட்டேன். கண்ணை மூடினா அதுதான் தெரியுது. செருப்பைக் காட்டினப்ப நான் பார்க்கவே இல்ல. அவளோடதுதான்னு சொல்லிட்டேன்."

மாடிப்படியில் அம்மா. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. மெதுவாக இறங்கி வந்தாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்று சின்னவளுக்குத் தோன்றியது.

"தினம் நான் கேட்டைத் திறந்துட்டு வருவேன்" என்றாள் அம்மா. "நீங்க போய் மூடுவீங்க. காத்துல அடிச்சுக்கும்னு மூடறீங்கன்னு நினைச்சேன்."

"மணி எனக்கும் கேட்கும்" என்றார் அப்பா. "வந்து நின்னு, ஏம்பா அப்படிப் பண்ணினேன்னு கேட்டா என்ன சொல்லுவேன். பயந்துக்கிட்டுத்தான் மூடினேன்."

பெற்ற மகளின் ஆவிக்குப் பயந்து கேட்டை மூடிய மனுஷனைத் திட்டுவதா, அழுவதா? சின்னவளுக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. உலுக்கினால் விழுந்துவிடுவார் போலவும் இருந்தது.

திடீரென்று அண்ணன் ஒரு மாதிரிச் சிரித்தான்.

"அம்மா. என் பேன்ட்."

"என்னடா உளர்றே?"

"அன்னிக்குக் கொடியில காஞ்ச என் காக்கிப் பேன்ட். காணோம்னு எனக்குத் திட்டு விழுந்துச்சே. காத்துல பறந்திருக்கும்னு நீகூடப் பக்கத்து மாடியெல்லாம் தேடினியே."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். கொடியில் கிளிப் இரண்டும் பத்திரமாக அப்படியே மாட்டியிருந்தன, பேன்ட் மட்டும் இல்லை. அது அவளுக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. எவ்வளவு காற்று அடித்தாலும் கிளிப் மறுபடி தானாக மாட்டிக்கொள்ளுமா? இத்தனை வருஷம் கழித்தா இது உறைக்க வேண்டும்?

"பேன்ட் போட்டுக்கிட்டு, காலைச் சுத்திப் போட்டு, ஜம்முனு ஏறிப் போயிருக்கா" என்றான் அண்ணன். இப்போது அவன் அழுதுகொண்டிருந்தான்.

அப்பா அங்கேயே, ஒரு சைக்கிள் டயர் மேல், தொப்பென்று உட்கார்ந்தார்.

அம்மா சைக்கிளின் அருகே போனாள். சீட்டைத் தொட்டாள். மணியைத் தொட்டாள், அடிக்கவில்லை. பாரின் மேல் உள்ளங்கையை வைத்து மெல்லத் தள்ளிக்கொண்டே போனாள். நடுவில் நின்றாள்.

"இங்க பெயின்ட் போயிருக்கு. துருவா?"

சின்னவள் குனிந்து பார்த்தாள். பாரில் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு வளையத் தடங்கள். பெயின்ட் தேய்ந்து இரும்பு பளபளத்தது. கீழே சாய்ந்து இறங்கும் குழாயிலும் ஒன்று. வாரத்துக்கு ஒன்றிரண்டாவது அவள் கையாலேயே மாட்டிக் கொடுக்கிற சமாச்சாரம்தான். ஆனாலும் வாய்விட்டுச் சொல்ல அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"துரு இல்லம்மா. குழந்தை சீட்டோட கிளாம்ப். மேல ரெண்டும் சீட்டுக்கு. கீழே இருக்கிறது குழந்தை காலை வச்சுக்கிற கம்பிக்கு. ரொம்ப நாள் மாட்டியிருந்தாத்தான் இப்படித் தேயும்."

"குழந்தையா" என்றாள் அம்மா.

"இந்தச் சீட்டை லேடீஸ் சைக்கிள்ல மாட்ட முடியாதும்மா. பார் இருந்தாத்தான் முடியும்."

அதைக் கேட்டு அப்பா தலையைத் தூக்கினார். எழுந்து வந்து, விரலால் அந்த இரண்டு தடங்களுக்கும் நடுவே தொட்டார். தான் போட்ட சுழியைத் தொடவில்லை. அந்த நடு இடத்தைத்தான் தொட்டார். அம்மா அவர் கையைத் தட்டிவிடவில்லை. அதுவே பெரிய விஷயம்.

"வேற யாராவது திருடி ஓட்டியிருக்கலாம்" என்றான் அண்ணன், ஆசையை அளந்துதான் வைக்க வேண்டும் என்பது போல. "வித்துக்கூட இருப்பா."

"இருக்கலாம்" என்றாள் சின்னவள். "ஆனா டயரைப் பாரு. இந்த ரகம் நம்ம கடைக்கே போன வருஷம்தான் வந்துச்சு. பிரேக் கட்டை இன்னும் தேயல. முன் சக்கரத்துல பூட்டு போட்டிருக்கு, சாவி இல்ல. திருடினவன் இவ்வளவு ஒழுங்கா எண்ணெய் போட்டு வச்சுக்க மாட்டான். யாரோ இதைத் தினமும் ஓட்டியிருக்காங்க. நம்ம ஊர் ஸ்டாண்டுல விட்டுட்டு ரயில் ஏறியிருக்காங்க. ஏன் திரும்பி வரல?"

பொழுது இறங்க ஆரம்பித்திருந்தது. அம்மா கேட்டுக்குப் போய்க் கொண்டியை எடுத்தாள். அப்பா அசையவில்லை.

அண்ணன் போனை எடுத்து ஸ்டாண்டுக்காரரைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டான்.

"வித்த சரக்கைத் திருப்பி எடுக்க மாட்டோம் தம்பி" என்றுதான் அந்த ஆள் ஆரம்பித்தார்.

"திருப்பித் தர இல்லண்ணே. இந்த ஏலக் குவியல்ல இருந்த சைக்கிள் எதையாவது தேடிக்கிட்டு யாராவது வந்தாங்களா?"

"தேடிக்கிட்டா?" அந்தப் பக்கம் ஒரு ரயில் கூவிக்கொண்டு போனது. அது போகும்வரை நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "ஆங், நேத்து மத்தியானம் ஒரு பொண்ணு வந்துச்சு. ஸ்கூல் பை மாட்டிக்கிட்டு. கையில சாவி வச்சிருந்துச்சு. அம்மாவால எழுந்து வர முடியல, அவங்க சைக்கிளை எடுத்துட்டு வரச் சொன்னாங்கன்னுச்சு."

"நேத்து மத்தியானமா? லாரி சாயங்காலம்தானே வந்துச்சு."

"அதான் தம்பி. ஏலக் குவியல் அங்கேயேதான் கிடந்துச்சு. என்ன அடையாளம்மான்னு கேட்டேன். மணி ஒரு தடவை அடிக்கும், ஒரு தடவை அடிக்காதுன்னு சொல்லுது. மணியை வச்செல்லாம் சைக்கிள் தேட முடியுமா? ஜென்ட்ஸா லேடீஸான்னு சொல்லுன்னேன்."

"என்ன சொல்லுச்சு?" என்று கேட்டது அப்பா.

"எங்க வீட்டுல அதை லேடீஸ் சைக்கிள்னுதான் சொல்லுவோம்னுச்சு. குவியல்ல கிடந்ததெல்லாம் பார் வச்ச சைக்கிள். நான் எழுந்துகூடப் போகல. லேடீஸ் சைக்கிள் எதுவும் வரலைன்னு சொல்லி அனுப்பிட்டேன்."